எட்டுப் புள்ளி நான்கு வராத பெட்டி

நான் ஓய்வு பெற்ற மறு வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கும் விஞ்ஞான ஆசிரியர். மற்றவன் என் இடத்துக்கு வந்திருக்கும் நாகராஜன். பள்ளி மலருக்கு நான் ஒரு அனுபவக் கட்டுரை எழுதித் தரவேண்டுமாம். "பையன்களுக்கு நாலு நல்ல வார்த்தை இருந்தால் போதும்" என்றார் ஆசிரியர்.

பேச்சோடு பேச்சாக நாகராஜன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். எஸ்.எஸ்.எல்.சி. பரிசோதனை ரிக்கார்டு நோட்டு. மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றியுள்ள கடைகளில் இந்த வருஷம் வந்திருக்கிறது. படம், செய்முறை, அட்டவணை எல்லாவற்றையும் அச்சிட்டு, பக்கத்தின் அடியில் வரவேண்டிய விடையையும் அச்சிட்டிருந்தார்கள்.

"அண்ணே, இனிமே பையனுங்க பேரும் நம்பரும் எழுதினா போதும். நமக்கு வேலை பாதி மிச்சம்" என்றான்.

"மிச்சமாகிற பாதியில நீ என்ன பண்ணப்போறே?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. என்னிடம் நாலு நல்ல வார்த்தை இல்லை. ஒரு விஷயம் இருக்கிறது. அதை நடந்தபடி எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம். ஒரு வரியைக் குறைத்துப் போடுவதாக இருந்தால் முழுவதையும் திருப்பித் தந்துவிடட்டும்.

நான் ஆசிரியன் அல்ல. மயிலாப்பூரில் ஓர் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் லாபரட்டரி அட்டெண்டராக இருந்தேன். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் வரை படித்தவன். எஸ்.எஸ்.எல்.சி. எழுதித் தேறவில்லை. வேலையில் சேர்ந்த முதல் இரண்டு வருஷத்தில் நான் கற்றது மூன்று விஷயம். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. எடைக்கல்லை விரலால் தொடக் கூடாது, இடுக்கியால் எடுக்க வேண்டும். எது உடைந்தாலும் அன்றைக்கே புத்தகத்தில் எழுத வேண்டும். முதல் இரண்டையும் எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது என் சுபாவம். மாலையில் பள்ளி விட்டதும் லாபரட்டரியிலேயே உட்கார்ந்து அன்று நடந்ததை டைரியில் எழுதிவிட்டுத்தான் ராயப்பேட்டைக்கு நடப்பேன். முப்பத்தோரு டைரிகளும் என்னிடம் இருக்கின்றன. இதை எழுதும்போது அவற்றில் இரண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு மேலே இருந்தவர் பௌதிக ஆசிரியர் சேஷாத்ரி. அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, கூட்டியும் சொல்லமாட்டேன். முதல் மணிக்கு இருபது நிமிஷம் முன்னால் வருவார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு, ஆறு மேஜைகளிலும் உள்ள ஆறு தராசுகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கண்ணாடிக் கதவைத் திறந்து, திருகைத் திருப்பித் தட்டுகளைத் தூக்கி, முள் ஆடுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். முள் நடுக்கோட்டில் வந்து நின்றால், "தூங்கறது" என்பார். நிற்காவிட்டால், "முழிச்சிண்டிருக்கு, பாரும்" என்பார். நான் பக்கத்துத் திருகைச் சரி செய்வேன். அவர் என்னை ஒருநாளும் உரக்கக் கடிந்ததில்லை. சாதாரணமாக 'நீர்' என்பவர், கோபம் வந்தால் 'தாங்கள்' என்பார். 'தாங்கள்' என்று கேட்டால் எனக்கு அன்றைய சாப்பாடு இறங்காது.

வகுப்பில் அவர் பித்தளையையும் தண்ணீரையும் பற்றிச் சொல்லும்போது கடைசி பெஞ்சுப் பையன்கூடப் பேசமாட்டான். இப்படிப்பட்டவர் ரிக்கார்டு நோட்டுகளைத் திருத்தும் விதம் மட்டும் வேறாக இருந்தது. புதன்கிழமை பிற்பகல் நாற்பது நோட்டுகள் கட்டாக வரும். ஒவ்வொன்றிலும் பக்கத்தின் கடைசி வரியை மட்டும் பார்ப்பார். விடை சரியாக இருந்தால் பச்சை மையில் கையெழுத்து. இல்லாவிட்டால் சிவப்பு மையில் ஒரு கோடு, 'மீண்டும் செய்க.' நாற்பது நோட்டும் அரைமணியில் முடிந்துவிடும். நான் மை ஒற்றும் காகிதத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

பையன்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? பரிசோதனை வகுப்பில் ஒவ்வொருவனிடமும் இரண்டு நோட்டு உண்டு. தராசின் பக்கத்தில் வைத்து எழுதுவது கரட்டு நோட்டு. அதைப் பார்த்து வீட்டில் அழகாக எழுதுவது ரிக்கார்டு நோட்டு. இதுதான் முறை. நடந்தது வேறு. போன வருஷத்து அண்ணனுடைய ரிக்கார்டு நோட்டு தம்பிக்கு வரும். தம்பியிடமிருந்து எதிர்வீட்டுப் பையனுக்குப் போகும். விடை முதலிலேயே தெரியும். அந்த விடை வரும்படியாக எடைகளைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதிக்கொள்வார்கள். சாமர்த்தியசாலிகள் 8.4 என்று எழுதமாட்டார்கள், 8.39 என்றோ 8.41 என்றோ எழுதுவார்கள். அதற்கும் பச்சை மை உண்டு.

8.4 என்பது பித்தளையின் ஒப்படர்த்தி; தண்ணீரைப் போல் அது எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு. ஒரு பித்தளைக் குண்டைக் காற்றில் ஒருமுறை நிறுக்க வேண்டும். பிறகு நூலில் கட்டித் தண்ணீரில் முங்கவிட்டு ஒருமுறை நிறுக்க வேண்டும். தண்ணீரில் எடை குறையும். குறைந்த அந்த எடையால் முதல் எடையை வகுத்தால் 8.4 வரும். ஆறாம் பாரத்தில் தை மாதத்துக்குள் இதைச் செய்து கையெழுத்து வாங்கிவிட வேண்டும். எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்து இல்லாதவன் பெயர் பரீட்சைக்குப் போகும் பட்டியலில் ஏறாது. எங்கள் பள்ளியில் அப்படி ஒரு கட்டுப்பாடு. பெயர் ஏறாதவன் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும், அல்லது போய்விட வேண்டும். பெரும்பாலும் போய்விடுவார்கள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் தை மாதம். ஆறாம் பாரத்தில் ஏகாம்பரம் என்று ஒரு பையன். அப்பா கோவிந்தசாமி மந்தைவெளி ஸ்டாண்டில் ஜட்கா வண்டி ஓட்டினார். ஏகாம்பரத்துக்கு மூன்றாம் மேஜை. எங்கள் லாபரட்டரியில் மேஜைக்கு ஒரு தராசு, தராசுக்கு ஒரு எடைப்பெட்டி. வருஷம் முழுவதும் மாறாது. யாருக்கு எந்தப் பெட்டி என்பதை நான் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். வகுப்பைக் கோஷ்டிகளாகப் பிரித்து விடுவதால் ஒரு தடவைக்கு மேஜைக்கு இரண்டு பையன்கள். ஏகாம்பரத்தின் கூட்டாளி மலேரியாவில் படுத்திருந்தான். அதனால் ஏகாம்பரம் தனியாக நிறுத்தான். அவனுக்கு அண்ணனும் இல்லை. போன வருஷத்து நோட்டும் இல்லை.

அவனுக்கு 7.95 வந்தது. சிவப்புக் கோடு விழுந்தது.

மறு வாரம் மற்றவர்கள் வேறு பரிசோதனை செய்துகொண்டிருக்கும்போது அவன் தன் மூன்றாம் மேஜையிலேயே நின்று திரும்ப மூன்று தடவை நிறுத்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுக்கி நடுங்கவில்லை. குண்டில் ஒட்டியிருந்த காற்றுக் குமிழிகளை நூலை ஆட்டி உதறினான். தண்ணீர் ஜாடியின் ஓரத்தில் குண்டு படாமல் பார்த்துக்கொண்டான். 7.95. 7.96. மறுபடி 7.95.

புதன்கிழமை சேஷாத்ரி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்னடா இது?"

"எனக்கு அதான் சார் வர்து."

"ஊருக்கெல்லாம் எட்டுப் புள்ளி நாலு. உனக்கு மட்டும் என்ன தனிப் பித்தளையா?"

"அதே குண்டுதான் சார். மூணு தபா போட்டேன்."

"மூணு தடவையும் தப்பாப் பண்ணினா மூணு தப்பு. ஆத்துக்குப் போய் ஒழுங்கா எழுதிண்டு வா. நாளைக்கே கையெழுத்துப் போடறேன்."

"ஒழுங்கான்னா சார்?"

"எட்டுப் புள்ளி நாலுன்னு எழுதிண்டு வாடா."

பையன் நோட்டை வாங்கிக்கொண்டான். போகவில்லை. "எனக்கு வரலியே சார்" என்றான். அவன் குரலில் மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் அவர் முகம் சிவந்துவிட்டது. நோட்டைத் திரும்ப வாங்கி, சிவப்புக் கோட்டின் கீழே, 'பரிசோதனை செய்யாமல் எழுதியது' என்று எழுதினார். பட்டியல் சனிக்கிழமை காலை தலைமையாசிரியரின் கையெழுத்தோடு தபாலில் போக வேண்டும். ஏகாம்பரத்தின் பெயர் பென்சிலால் அடிக்கப்பட்டது. அந்தச் சிவப்பு மையை ஒற்றியது நான். இதையும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மாலை கேட்டுக்கு வெளியே ஒரு ஜட்கா நின்றது. கோவிந்தசாமி சாட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். வாத்தியாரைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை, என்னிடம் வந்தார்.

"அண்ணாத்தே, நீதான் தராசுக்காரரா?"

"ஆமா."

"எம் புள்ள இன்னா தப்பு பண்ணான்? கேட்டா நம்பரு நம்பருன்றான். ஒரு நம்பருக்காவ பரிச்ச எழுத வுடமாட்டாங்களாமே."

விஷயத்தைச் சொன்னேன். அவர் காது கொடுத்துக் கேட்டார்.

"அப்போ வாத்தியாரு இன்னா சொல்றாரோ அத்த எழுதினா வுட்ருவாங்களா?"

"விட்டுடுவாங்க."

"அவன் கைல நீ சொல்லு அண்ணாத்தே. எட்டோ பத்தோ எந்த எழவையாச்சும் எழுதிட்டுப் போவட்டும். நாலு பேர வண்டில ஏத்திக்கினு போலீஸ்காரன் கைல மூணு பேருன்னு நான் சொல்றதில்லியா? குதுர இன்னா கோச்சிக்கினா போவுது? இந்த வருசம் இல்லேன்னா எங்கிட்ட இன்னொரு வருசத்துக்கு வக்கு கெடையாது. திங்கக்கெயமலேர்ந்து லாயத்துக்குத்தான் வரணும் அவன். நேத்து ரெண்டு அறை அறஞ்சேன். அப்பவும் ஏயி புள்ளி, ஏயி புள்ளின்னே சொல்லிக்கினு கீறான்."

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். வண்டியில் முன்பக்கம் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்காமல் குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராயப்பேட்டைக்கு நடக்கும்போது எனக்கு உறுத்தியது ஒன்றுதான். தப்பாக நிறுப்பவனுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வரும். ஒரே விடை திரும்பத் திரும்ப வந்தால் கை தப்பில்லை. வேறு ஏதோ தப்பு. இதைப் புதன்கிழமையே யோசித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கே லாபரட்டரியைத் திறந்தேன். மூன்றாம் பெட்டியை எடுத்தேன். ஒரு தட்டில் அதன் ஐம்பது கிராம் கல்லை வைத்தேன். எதிர்த்தட்டில் அதே பெட்டியின் இருபது, இன்னொரு இருபது, பத்து. இரண்டும் ஐம்பது, முள் நடுவில் நிற்க வேண்டும். திருகைத் திருப்பினேன். ஐம்பது கிராம் தட்டு விறுவிறுவென்று மேலே போயிற்று. தராசின் மேல் சந்தேகப்பட்டுக் கற்களைத் தட்டு மாற்றிப் போட்டேன். அப்போதும் ஐம்பதுதான் மேலே போயிற்று. அதன் பக்கத்தில் சின்னத் தகடுகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். இருநூறு மில்லிகிராம் தகடு இரண்டு வைத்த பிறகுதான் முள் நடுவில் நின்றது. மற்ற ஐந்து பெட்டிகளின் ஐம்பதுகளையும் அதேபோல் நிறுத்தேன். எல்லாம் சரியாக இருந்தன.

கல்லின் தலையில் பிடித்துத் தூக்க ஒரு குமிழ் உண்டு. அது திருகு. முதல் பெட்டியின் ஐம்பதைத் திருகிப் பார்த்தேன். அடியில் ஒரு சிறு குழி, குழிக்குள் நாலைந்து ஈயத் துணுக்குகள். கல்லைச் செய்கிறவன் கடைசியில் எடையைச் சரிக்கட்டுவதற்காகப் போட்டு மூடுவது அது. மூன்றாம் பெட்டியின் ஐம்பதைத் திருகினேன். குழி கண்ணாடிபோல் பளபளவென்று காலியாக இருந்தது.

அவ்வளவு சுத்தமாக அதைத் துடைக்கக் கூடியவன் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவன்தான். அலமாரியைத் திறந்து, குண்டுக்குப் பயந்து பட்டணமே காலியான வருஷத்து டைரியை எடுத்தேன். அந்த வருஷம் சாமான்களையெல்லாம் வைக்கோலில் சுற்றிக் கீழ் அறையில் போட்டுவிட்டுப் பள்ளியை மூடியிருந்தோம். திறந்தபோது பித்தளை எல்லாம் பச்சைக் களிம்பு. நான் ஒரு வாரம் உட்கார்ந்து துடைத்தேன். என் கையெழுத்தில் இருந்தது இது: 'பெட்டி 3. 50 கிராம் கல்லின் குமிழ் களிம்பேறி இறுகியிருந்தது. எண்ணெய் விட்டுக் கழற்றினேன். உள்ளே ஈயம்போல் கொஞ்சம் அழுக்கு. தட்டிவிட்டுத் துடைத்து மூடினேன். நன்றாயிற்று.'

நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றில் நிறுக்கும்போது ஐம்பது ஏறும். தண்ணீரில் எடை குறைவதால் ஐம்பது இறங்கிவிடும். இருபதும் இருபதும் ஐந்தும் ஏறும். ஆக, காற்று எடை மட்டும் நானூறு மில்லிகிராம் கூடுதலாகக் காட்டும். 52.08 இருக்க வேண்டிய இடத்தில் 52.48. தண்ணீரில் குறைவதும் 6.20-க்குப் பதில் 6.60 ஆகும். வகுத்தால் 7.95. வேறு எந்தப் பரிசோதனையிலும் இந்தக் குறை கண்ணில் படாது. இதில் மட்டும் படும், நிஜமாக நிறுத்தால்.

மூன்றாம் மேஜையில் நாலு வருஷமாக உட்கார்ந்த பையன்கள் எல்லாருடைய பெயரும் என் புத்தகத்தில் இருந்தது. அவர்களில் ஒருவனுக்கும் சிவப்புக் கோடு விழுந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

எனக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. இரண்டு ஈயத் துணுக்கைப் போட்டு மூடிவிட்டால் போதும். பையன் பிற்பகல் திரும்ப நிறுப்பான்; 8.4 வரும், கையெழுத்தாகும். அவன் பெயரும் ஏறும், என் பெயரும் கெடாது. ஈயத் துணுக்கைக் கையில்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அப்படிச் செய்தால் மூன்று தடவை சரியாகச் செய்த பையன் தப்பாகச் செய்தவனாகவே இருப்பான். நாளைக்கு அவனே, தன் கை சரியில்லை என்று நம்புவான். 'செய்யாமல் எழுதியது' என்ற வரி அவன் நோட்டில் இருக்கும். செய்தது அவன். மற்றவர்கள்தான் செய்யாமல் எழுதியவர்கள். என் சௌகரியத்துக்காக இதைத் தலைகீழாக விட்டுவிட நான் தயாராக இல்லை.

சாமான் புத்தகத்தில் எழுதினேன்: 'பெட்டி 3, 50 கிராம் கல் நானூறு மில்லிகிராம் குறைவு. துடைக்கும்போது உள்ளிருந்த ஈயத்தை அறியாமல் தட்டியது நான். இதனால் ஏகாம்பரத்துக்கு வந்த 7.95 சரி.' கையெழுத்துப் போட்டேன். மை காயும்வரை காத்திருந்தேன்.

சேஷாத்ரி வந்தார். கோட்டை மாட்டினார். புத்தகத்தை அவர் முன்னால் வைத்தேன். படித்தார். தானே மூன்றாம் மேஜைக்குப் போய் நிறுத்தார். தட்டுகளை மாற்றியும் நிறுத்தார்.

"ஓய் துரைசாமி, இதை உம்மை யாராவது கேட்டாளா?"

"இல்ல சார்."

"பின்னே ஏன் எழுதினீர்?"

"பையன் பேரு போயிடும் சார்."

"கல்லைச் சரி பண்ணும். மத்யானம் அவன் திரும்பப் பண்ணட்டும். நான் கையெழுத்துப் போட்டுடறேன். சிவப்பு மை போட்ட பக்கத்தைக் கிழிச்சுடலாம். உம்ம புஸ்தகத்துல இருக்கிறதையும் கிழிச்சுடும்."

"நோட்டுல பக்கம் குறைஞ்சா ஸ்கூல் இன்ஸ்பெக்டர் கேப்பார் சார்."

"நான் பதில் சொல்லிக்கறேன்."

"என் புத்தகத்துல நான் கிழிக்க மாட்டேன் சார். இதுவரைக்கும் கிழிச்சதில்ல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தாங்கள் புஸ்தகத்தை எடுத்துண்டு ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வரலாம்" என்றார்.

தலைமையாசிரியர் புத்தகத்தை இரண்டு தடவை படித்தார். அவர் கெட்டவர் அல்ல. பள்ளியின் பெயர் அவருக்கு உயிர். மறு வாரம் இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது.

"துரைசாமி, உன் வேலை என்ன?"

"லாபரட்டரியைப் பார்த்துக்கறது சார்."

"பார்த்துக்கிட்டியா?"

"இல்ல சார். அதான் எழுதியிருக்கேன்."

"நாலு வருஷத்துப் பையன்கள் எல்லாரும் காப்பியடிச்சாங்கன்னு இன்ஸ்பெக்டர் கைல எழுதிக் குடுக்கறே. அது தெரியுதா?"

"நான் கல்லைப் பத்தி மட்டும்தான் சார் எழுதியிருக்கேன்."

"இதை அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

"எதை அடிக்கணும் சார்? கல் குறையுதுங்கறதையா, குறைச்சது நான்கறதையா?"

"எல்லாத்தையும்."

"அடிச்சா கல் எடை ஏறாது சார்."

ப்யூன் கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தான். தலைமையாசிரியர் என்னை விட்டுவிட்டு சேஷாத்ரியைப் பார்த்தார். "மிஸ்டர் சேஷாத்ரி, இவன் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கறேன். கையெழுத்து இல்லாத நோட்டு கையெழுத்து இல்லாத நோட்டுதான். அந்தப் பையன் பேர் லிஸ்டுல கிடையாது. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் சேஷாத்ரியின் முகத்தைப் பார்க்கவில்லை; கையைப் பார்த்தேன். அவர் கையில் ஏகாம்பரத்தின் நோட்டு இருந்தது. லாபரட்டரியிலிருந்து அதை அவர் எடுத்துவந்ததையே நான் கவனித்திருக்கவில்லை. மேஜைமேல் அதை விரித்தார். பச்சைப் பேனாவைத் திறந்தார். தாம் எழுதிய சிவப்பு வரியைக் குறுக்கே ஒரு கோட்டால் அடித்தார். கீழே எழுதினார்: 'எடைக்கல்லில் பிழை. மாணவன் கண்டது சரி.' 7.95-க்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மை ஒற்றும் காகிதம் இல்லாததால் ஊதினார்.

"இப்போ கையெழுத்து இருக்கு, சார்" என்றார். "பேரைச் சேர்க்கணும்."

"இன்ஸ்பெக்டர் கேட்டால்?"

"என் கையெழுத்து. என்னைக் கேக்கட்டும்."

தலைமையாசிரியர் பட்டியலை எடுத்தார். பென்சில் கோட்டை அவரே ரப்பரால் அழித்தார்.

மாலையில் கோவிந்தசாமி வண்டியோடு வந்தார். பெயர் ஏறிவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை, பையனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்போ வாத்தியாரு நம்பரு தப்பா?"

"அதுவும் சரிதான். கல்லு தப்பு."

"யார்து கல்லு?"

"என்னுது."

"ஏன் அண்ணாத்தே, இத்த புதங்கெயமையே சொல்லித் தொலச்சிருந்தா நான் அவன அறஞ்சிருக்க மாட்டேனே" என்றார். ஏகாம்பரம், "எவ்ளோ கொறையுது அண்ணே?" என்று கேட்டான். "நானூறு மில்லிகிராம்" என்றேன். வாய்க்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, "கரெக்ட்டா வர்து" என்றான். வண்டி போயிற்று.

அவன் தேறினான். விஞ்ஞானத்தில் மார்க்கு பிரமாதமில்லை. பரீட்சைத் தாளில் பித்தளையைப் பற்றிக் கேள்வியே வரவில்லை. எனக்கு ஒரு மெமோ வந்தது. பள்ளிச் சொத்துக்குக் கவனக்குறைவால் சேதம், மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை. ஒரு வருஷத்துச் சம்பள உயர்வு நிறுத்தம். முதல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, இரண்டாவதை ஒப்புக்கொள்ளவில்லை என்று பதில் எழுதினேன். அந்தப் பதிலுக்கு இன்றுவரை பதில் இல்லை. இன்ஸ்பெக்டர் வந்தார், பித்தளைப் பக்கத்தைப் புரட்டாமலே போனார். சேஷாத்ரி ஒரு மாதம்வரை என்னைத் 'தாங்கள்' என்றே கூப்பிட்டார்.

ஆனால் புதன்கிழமைகள் மாறின. அவர் ரிக்கார்டு நோட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கரட்டு நோட்டைக் கேட்டார். நாற்பது நோட்டு முடிய இரண்டு மணி ஆயிற்று. ஈயம் போட்டுக் கல்லைச் சரி செய்யட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். தராசுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "இருக்கட்டும்" என்றார். "மூணாம் மேஜைக்காரன் ஒழுங்கா நிறுத்தானான்னு தெரியறதுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. என்ன வந்தாலும் கையெழுத்துப் போடறேன், வந்ததை எழுதினா."

மறு வருஷம் விஷயம் பரவிவிட்டது. மூன்றாம் மேஜைப் பையன்கள் தராசைத் திறக்காமலே 7.95 என்று எழுதினார்கள். சேஷாத்ரி நோட்டைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அன்று மாலையே அந்தக் கல்லை ஐந்தாம் பெட்டிக்கும், ஐந்தின் கல்லை மூன்றாம் பெட்டிக்கும் மாற்றினேன். அதிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று வைத்துக்கொண்டோம். இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அவர் ஓய்வு பெற்றுக் கும்பகோணம் போனபின் எனக்கு மட்டும். பின்னால் வந்தவர்களும் அவர் வைத்த வழக்கப்படி கரட்டு நோட்டைப் பார்த்தே கையெழுத்துப் போட்டார்கள்.

இது முறையல்ல என்று சொல்பவர்கள் இருப்பார்கள். குறைந்த கல்லைத் தெரிந்தே பெட்டியில் வைப்பது தப்பு என்பார்கள். ஏகாம்பரத்துக்குப் பின் அந்தக் கல்லால் ஒரு பையனுக்கும் கையெழுத்து நிற்கவில்லை. எல்லாக் கல்லும் சரி என்று நம்பிக்கொண்டுதான் ஒரு பையனை நாங்கள் வெளியே அனுப்பப் பார்த்தோம். எது தப்பு என்று அவர்களே சொல்லட்டும்.

கடைசி நாள் சாவியை நாகராஜனிடம் கொடுக்கும் முன் ஆறு பெட்டிகளையும் மேஜைமேல் எடுத்து வைத்து, இன்னொரு தடவை கல்லை மாற்றினேன். அது இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று இங்கே எழுதமாட்டேன். யார் வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன். நிறுத்துப் பார்த்தால் தெரியும்.